அப்பாவுக்குக் கிடைத்த சீட்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிரேன் கேபினில் அந்தத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காருகிறீர்களா, இல்லை அது இன்னும் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசவில்லை என்று வருத்தப்பட்டீர்களாம். வருத்தம் வேண்டாம். எனக்கு வாய் திக்க ஆரம்பித்ததும் "லைன் கட்டாயிடுச்சா?" என்று கேட்கிறீர்கள். கடிதத்தில் லைன் கட்டாவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் முடியப்போகிறது. பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய இரண்டு வருடத்துக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மதிப்பெண்ணுக்கு இரண்டு இடங்களில் முயலலாம் என்று வகுப்பு ஆசிரியை சொல்கிறார். ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான், ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் இருக்கும் தோட்டத்துக் கல்லூரி. இன்னொன்று ரயில் நிலையத்தைத் தாண்டி, மூடிப்போன நூற்பாலைக் கட்டடத்தில் நடக்கிறதே, அந்த மில் கல்லூரி.

எனக்கு மில் கல்லூரிதான் வேண்டும்.

பெற்றோர்களைக் கூப்பிடும் நாளில் போனால் எல்லாக் கல்லூரியும் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும் என்று அம்மா சொன்னாள். அதனால் அவளுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு கிடைத்த ஒரு சாதாரண நாளில், அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தோம். சுவரெல்லாம் காரை பெயர்ந்திருக்கிறது. கணக்கு வகுப்பின் கதவு திறந்திருந்தது. ஒரு பையன் கரும்பலகை முன்னால் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். பாதியில் தடுமாறி நின்றுவிட்டான். ஆசிரியர் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் எதுவும் சொல்லவில்லை, மற்றவர்களும் சிரிக்கவில்லை. அவன் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

அங்கே எல்லாரும் முறைபோட்டுப் பலகைக்குப் போய் விளக்க வேண்டுமாம். யாருக்கும் விலக்கு கிடையாதாம். வெளியே வந்ததும் அம்மா என்னையே பார்த்தாள். "உங்கப்பா ஒத்துக்க மாட்டாருடி" என்றாள்.

ஒத்துக்கொள்ளுங்கள் அப்பா.

உங்கள் மகள்

---

மார்ச் 10

என் வக்கீலம்மாவுக்கு,

காற்று பலமாக இருப்பதால் இன்று கிரேனை நிறுத்தி வைத்திருக்கிறோம். கேபினிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பாலத்தின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, மேலே தளம் போட வேண்டியதுதான் பாக்கி. தலையணை என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழகாக எழுதுகிறாய். ஆனால் நீ கேட்பதற்கு என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை.

எட்டாம் வகுப்பில் உன்னை மேடையேற்றி வரவேற்புரை படிக்க வைத்தார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாய். பின்வரிசையிலிருந்து யாரோ உன்னைப் போலவே பேசிக் காட்டினார்கள், அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு மாதக் கணக்கில் நீ கடைக்குப் போய் ஒரு பென்சில்கூடக் கேட்டு வாங்கவில்லை, விரலால் காட்டி வாங்கினாய். அன்று கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மில் கல்லூரியில் அந்த மேடை வாராவாரம் வரும்.

தோட்டத்துக் கல்லூரியை யோசித்துப் பார். அமைதியான இடம். பாடக் குறிப்புகளை அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். தேர்வு எல்லாம் எழுத்தில்தான். எழுத்தில் உன்னை அடிக்க ஆளில்லை. அங்கே உன்னை யாரும் நிற்க வைத்துப் பேசச் சொல்ல மாட்டார்கள். நிம்மதியாகப் படித்துவிட்டு வரலாம்.

அடுத்த வாரம் விடுப்பில் வருகிறேன். தோட்டத்துக் கல்லூரியில் பெற்றோரோடு வரச் சொல்லி நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாகப் போய்ப் பார்ப்போம். பார்த்த பிறகு சண்டை போடு.

அன்புடன்,
உன் அப்பா

---

மார்ச் 24

அப்பாவுக்கு,

பார்த்துவிட்டு வந்து சண்டை போடச் சொன்னீர்கள். போடுகிறேன்.

தோட்டத்துக் கல்லூரியின் முதல்வர் அறை ஞாபகம் இருக்கிறதா? குளிரூட்டி என் தலைக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து என்ன படிக்க ஆசை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் "கணக்கும் இயற்பியலும் சார்" என்றீர்கள். எந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். பூச்செடி வளர்ப்பது என்றீர்கள். அப்பா, பூச்செடி வளர்ப்பது உங்கள் பொழுதுபோக்கு. நான் வைத்த ஒரே செடி செத்துப்போனது.

அந்த அறையில் நான் பேசியது ஒரு "வணக்கம்". அதிலும் பாதி உங்களுடையது. கடைசியில் அவர் எழுந்து உங்கள் கையைக் குலுக்கி, "ரொம்பத் தெளிவான பொண்ணு" என்றார்.

நேற்று அங்கிருந்து கடிதம் வந்தது. சீட் கொடுத்துவிட்டார்கள். வாழ்த்துகள். அந்த சீட் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது அப்பா. நீங்களே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். சீருடைக்கு அளவு கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கிரேனுக்குக் கீழே நிற்கும் சிக்னல்காரர் கையைத் தூக்க ஆரம்பித்ததுமே, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று நீங்களாக ஊகித்துக் கொக்கியை இறக்கிவிடுவீர்களா?

அடுத்த மாதம் பதினோராம் தேதி மில் கல்லூரியில் நேர்முகம். நமக்குப் பிடித்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மூன்று ஆசிரியர்கள் முன்னால் பலகையில் விளக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் பின் பெஞ்சில் உட்காரலாம், பேசக்கூடாது. எனக்கு விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள் (ரொம்பத் தெளிவான பொண்ணு)

---

மார்ச் 30

அன்பு மகளுக்கு,

கடிதத்திலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டாய். உன் கிரேன் கேள்வியைச் சிக்னல்காரரிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க பொண்ணை இங்க சேஃப்டி ஆபீசரா போடச் சொல்லுங்க, நாம எல்லாரும் பத்திரமா இருக்கலாம்" என்றார்.

கிரேன் வேறு, நீ வேறு. கொக்கியில் தொங்குவது இரும்பு. அது எவ்வளவு நேரம் தொங்கினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. நீ ஒரு சொல்லில் சிக்கி நிற்கும்போது எதிரில் இருப்பவர்களின் முகத்தை நான் பார்க்கிறேன். ஒருவர் தரையைப் பார்ப்பார், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த முகங்கள் இன்னும் மோசமாவதற்குள் எப்படியாவது உன்னைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கிறது. அதைக் குற்றம் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் தோட்டத்துக் கல்லூரி சீட்டை நான் விடவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொன்னால் போதும். மில் கல்லூரியில் சரிப்படவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் தோட்டத்தில் சேர வேண்டும். இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

பதினோராம் தேதி வருகிறேன். அன்று மாலை ரயிலிலேயே திரும்பியாக வேண்டும்.

உன் அப்பா

---

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்துக்கு நன்றி. மறுபேச்சு இல்லாமல் சேர்கிறேன் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். அம்மா சாட்சி.

தினமும் ஒத்திகை நடக்கிறது. பலகைக்குப் பதில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு. அம்மா உங்கள் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேராசிரியராக உட்கார்கிறாள். கேள்வி கேட்கத் தெரியாமல், "சரிம்மா, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கா?" என்கிறாள். நேற்று இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஒத்திகையே நடக்கவில்லை. ஆனால் ஒன்று, அம்மா காத்திருப்பாள். நான் நின்றால் அவளும் நிற்பாள். "உங்கப்பாதான் முந்திரிக்கொட்டை, எனக்கு வார்டுல காத்திருந்து பழக்கம்" என்கிறாள்.

பின் பெஞ்சில் உட்கார உங்களுக்கு நிபந்தனைகள்: வாய் திறக்கக் கூடாது. வாயசைக்கவும் கூடாது. தலையாட்டவும் கூடாது.

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். எனக்கு பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை. தரையைப் பார்ப்பவர்களையும் கைக்கடிகாரம் பார்ப்பவர்களையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அவர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். நான் நிற்கும்போது உங்கள் முகம் மாறுகிறது பாருங்கள், அதைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்த சொல்லும் வராமல் போகிறது.

அதனால் முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

---

ஏப்ரல் 13

என் கண்ணுக்கு,

ரயில் நிலையத்தில் என்னை ஏற்றிவிடும்போது, "பின்னாடியிலிருந்து எப்படித் தெரிஞ்சதுன்னு எழுதுங்க" என்றாய். எழுதுகிறேன். விட்டுப்போனால் கேள்.

அந்த அறைக்குள் நுழைந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்தாறு பெற்றோர் இருந்தார்கள். உனக்கு முன்னால் வந்த பையன் தேனீக்களைப் பற்றிக் கடகடவென்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். சாலையில் ஒரு விபத்தும் இல்லாமலே வாகன நெரிசல் எப்படி உண்டாகிறது என்பது உன் தலைப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ப' என்று தொடங்கும் சொற்கள் உனக்குச் சண்டித்தனம் பண்ணும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் வரும் வண்டி, அதற்குப் பின்னால் வரும் வண்டி, பிரேக் என்று வரிக்கு வரி சொல்ல வேண்டிய விஷயத்தை நீயாகவே எடுத்து வைத்திருந்தாய்.

முதல் "பின்னால்" வந்தபோதே நின்றாய். சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் நீ வரைந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ என்ன சொல்கிறாய் என்பதே எனக்குக் கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருடமும் நீ எப்போது நிற்பாய் என்று மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருவன் லேசாக பிரேக்கை மிதிக்கிறான், அவனுக்குப் பின்னால் வருகிறவன் பயத்தில் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கிறான், அடுத்தவன் இன்னும் கூடுதலாக, கடைசியில் எங்கோ வருகிற ஒருவன் காரணமே தெரியாமல் நின்றுவிடுகிறான். எனக்கு முழுதாகப் புரிந்தது.

உன் நிபந்தனையை நான் ஒரு தடவை மீறினேன். இரண்டாவது தடவை நீ நின்றபோது பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் "ஐயோ, பாவம்" என்றார். "பாவமெல்லாம் இல்லீங்க. பேசிட்டிருக்கா, கேளுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அடுத்தது நீ அறிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். கடைசி வண்டியை வரைந்துவிட்டு நின்றாய். கண்ணாடி போட்ட அந்த ஆசிரியை நீ முடித்துவிட்டாய் என்று நினைத்து, "நன்றிம்மா, நீங்க போகலாம்" என்று அடுத்த காகிதத்தை எடுத்தார். அறையில் நாற்காலிகள் நகரத் தொடங்கின. நீ சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"நா… நான் இன்னும் முடிக்கல மேடம்" என்றாய்.

அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலிச் சத்தம் நின்றது. நடுவில் இருந்த ஆசிரியர் இதைத் தடுக்க வழி உண்டா என்று கேட்டார். "முன்னாடி போற வண்டியோட ஒட்டிக்கிட்டே போகாம, கொஞ்சம் இடம் விட்டுப் போனா போதும் சார்" என்றாய். அவர் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. தலைகூட ஆட்டவில்லை.

முடிவு இந்த வாரக் கடைசியில் தெரியும் என்றார்கள். அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நேற்று காலை தோட்டத்துக் கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அந்த சீட் வேண்டாம், என் மகள் அதைக் கேட்கவே இல்லை என்று எழுதினேன். மில் கல்லூரி இல்லையென்றால் அதே மாதிரி இன்னொன்றைத் தேடுவோம். ஊர் பெரியது.

பெருமையுடன்,
உன் அப்பா

---

ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

மில் கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. சீட் கிடைத்த அன்று அம்மா போனில் போட்ட சத்தத்தில் உங்கள் பாலம் ஆடியிருக்கும் என்று நினைக்கிறேன். கை கொஞ்சம் ஓய்ந்ததும் எழுதலாம் என்று இருந்தேன், ஓயவில்லை.

வகுப்பறையில் இன்னும் எண்ணெய் வாசனை இருக்கிறது. மழை வந்தால் ஒரு மூலையில் வாளி வைக்கிறார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் தையல் கடைக்காரர் மகள், நாள் முழுக்க வாய் ஓயாது. நான் நின்றால் அவள் காத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன், அந்த இடைவெளியில் அவள் கதையை ஆரம்பித்துவிடுவாள். நானும் விடுவதில்லை.

நேர்முகத்தில் இருந்த அந்தக் கண்ணாடி மேடம்தான் எங்களுக்கு இயற்பியல். புதன்கிழமை என் முறை வந்தது. ஊஞ்சலைப் பற்றி எடுத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் நின்றேன். முதல் தடவை கொஞ்சம் வேர்த்தது. இரண்டாவது தடவை நின்றதையே பாதியில் மறந்துவிட்டேன், ஏனென்றால் அடுத்து சொல்ல வேண்டியது அதைவிட முக்கியமாக இருந்தது. ஒருவன் குறுக்கே கேள்வி கேட்டான். அவனுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் இன்னொன்று ஞாபகம் வந்தது, அதையும் சொன்னேன். பிறகு கடிகார ஊசல், பிறகு தொங்கு பாலம், உங்கள் கிரேன் கொக்கி காற்றில் ஆடுவது வரைக்கும் போய்விட்டேன்.

மேடம் மணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "போதும்மா. மத்தவங்களுக்கும் கொஞ்சம் நேரம் குடு" என்றார்.

அப்பா, என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நான் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டதைத் தையல் கடைக்காரர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு முறை திட்டு வாங்கினேன்.

உங்கள் மகள்