ஆம்ப்ரோஸுக்குப் பக்கத்து இருக்கை

கார்போனியர், நியூஃபவுண்ட்லாந்து
28 ஏப்ரல் 2013

அன்புள்ள ஜெரார்டுக்கு,

இங்கே நலம். நீயும் நலம்தான் என்று நம்பி எழுதுகிறேன். போனில் உன்னைப் பிடிக்க முடிவதில்லை. அதனால் அங்கே வேலைக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸிடம் மீன் பெட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உப்புப் போட்ட காட் மீன் மேலே, மூஸ் மான் இறைச்சி அடியில்.

மே 19 ஞாயிறு நம் கொலீனுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிறாள். போன ரெண்டு விடுப்புக்கும் நீ வரவில்லை. கேட்டால் தூரம் என்கிறாய். எட்டு வருஷமாக அல்பெர்ட்டா அதே இடத்தில்தானே இருக்கிறது? ரெண்டு வாரம் எண்ணெய் மணல் சுரங்க முகாம், ஒரு வாரம் வீடு என்பதுதானே நம் பேச்சு? அப்பா பக்கத்தில் நின்றால்தான் வெள்ளை உடுப்பைப் போடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். வந்துவிடு.

அன்புடன்,
வெர்னா


ஃபோர்ட் மக்மரி, அல்பெர்ட்டா
12 மே 2013

என் செல்ல வெர்னாவுக்கு,

மீன் வந்து சேர்ந்தது. பன்றிக் கொழுப்பில் பொரித்து, உருளைக்கிழங்கு அவித்து, வயிறு முட்டத் தின்றேன். பெட்டியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவை மீன் கொஞ்சம் கூடுதலாய் வை.

கோபிக்காதே. நான் வேறு ஒப்பந்தக்காரரிடம் மாறிவிட்டேன். ஆம்ப்ரோஸ் வருகிற கம்பெனி விமானத்தில் எனக்கு இப்போது இடமில்லை. கால்கரி, டொராண்டோ என்று மாறி மாறி வந்தால் பதினேழு மணி நேரம். நாலாயிரம் கிலோமீட்டர் என்ன விளையாட்டா? கொலீனிடம் நீதான் பக்குவமாய்ச் சொல்ல வேண்டும்.

உன்,
ஜெரார்டு


கார்போனியர்
20 மே 2013

ஜெரார்டு,

புதுநன்மை முடிந்தது. கொலீன் கடைசியில் உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பூசை முடியும்வரை கோயில் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆம்ப்ரோஸ் பெண்டாட்டிக்குக் கால் முறிவு. அதனால் போன வாரம் அவனை விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். காரிலேயே பெட்டியைத் திறந்தேன். சோப்பு வாசனை. எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது நீ அதைக் கழுவியிருக்கிறாயா? உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டேன்.

"ஆம்ப்ரோஸ், முகாம் ரூம்ல அடுப்பு இருக்கா?"

"அடுப்பா? சாப்பாடெல்லாம் மெஸ்லதான். ரூம்ல தண்ணிகூட சுடவைக்க விடமாட்டாங்க."

"அப்ப ஜெரார்டு எங்க மீன் பொரிச்சான்?"

அவன் கார் ஜன்னலை இறக்கினான். பிறகு, "என்னக் கேக்காத வெர்னா" என்றான்.

"பிளேன்ல அவனுக்கு இடமில்லையாமே?"

"யாரு சொன்னது? இன்னிக்கும் பக்கத்து சீட்டு அவன் பேர்லதான் இருந்துச்சு. காலியா கெடக்குதேன்னு கோட்டப் போட்டுக்கிட்டு வந்தேன். நேரா வந்தா அஞ்சு மணி நேரம். போறப்பதான் எதிர்காத்து, ஆறு ஆயிடும்."

காற்றுகூட உன்னை வீட்டுப் பக்கம்தான் தள்ளுகிறது. நீ ஏறினால்தானே.

என் கையால் உப்புப் போட்ட மீனை எவளோ ஒருத்தியின் அடுப்பில் பொரித்துத் தின்றுவிட்டு, இன்னும் கூடுதலாய் வை என்று எனக்கே எழுதியிருக்கிறாய். அவள் பெயர் எனக்கு வேண்டாம். அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கொலீன் கேட்டாள். ஐந்து மணி நேரம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இந்தத் தடவை பெட்டியில் மீன் இல்லை. உன் சட்டைகளும் கம்பளிக் காலுறைகளும் சவரச் சாமானும் இருக்கின்றன. ஆம்ப்ரோஸ் அதை உன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுவருவான்.

பெட்டியைக் கழுவ வேண்டாம். திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

வெர்னா