மினெகோ அசையாமல் உட்கார்கிறாள்

நவம்பர் 9

காலையில் கோயில் முற்றத்தில் கிங்கோ மரத்து இலைகளைப் பெருக்கினேன். பெருக்கி முடித்துத் திரும்பினால் மறுபடி அவ்வளவு இலை.

காலை ஆறு மணி தியான அமர்வுக்கு இன்று புதிதாக ஒருத்தி வந்தாள். பெயர் மினெகோ, அறுபது வயதிருக்கும். செண்டாய் நகரத்திலிருந்து குடிவந்தவளாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் கடைசிவரை அசையவே இல்லை. எனக்கு இடது முட்டி வலித்து மூன்று தடவை மாற்றி உட்கார்ந்தேன். முடிந்ததும் கோயில் தலைமைத் துறவி ஜிஷோ அம்மா அவளிடம் சிரித்தபடி, "நல்லா உக்காந்தீங்க" என்றார்.

பன்னிரண்டு வருடமாக வருகிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாரா?

நவம்பர் 11

இன்றும் வந்தாள்.

நவம்பர் 16

ஊறுகாய்க்கு முள்ளங்கி கழுவினோம். கிணற்றுத் தண்ணீரில் விரல் விறைத்துப்போனது. அந்தப் பக்கம் ஜிஷோ அம்மாவும் மினெகோவும் ஏதோ பேசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் போனதும் சிரிப்பு நின்றது. நின்றதா, எனக்குத்தான் அப்படிப் பட்டதா?

வீட்டில் புலம்பியதற்கு என் கணவர் கெய்ஜி கேட்கிறார்: "ரிட்சுகோ, நீ அங்க மூச்சை எண்ணப் போறியா, இல்ல அந்தம்மா எத்தனை தடவை அசையுறாங்கன்னு எண்ணப் போறியா?"

"எண்ணிட்டேன். ஒரு தடவைகூட இல்ல."

நவம்பர் 19

டிசம்பர் முதல் தேதியிலிருந்து புத்தர் ஞானம் பெற்ற எட்டாம் தேதிவரை தினமும் அமர்வு. அதற்கு மணி அடிக்கும் பொறுப்பு மினெகோவுக்காம். வந்து பத்து நாள்! அந்த மணியை ஒவ்வொரு வாரமும் துடைத்து வைப்பது யார்? நான்.

"சந்தோஷம்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

நவம்பர் 22

எழுதத்தான் வேண்டும்.

இன்று சனிக்கிழமை. முன்பயிற்சிக்காக ஐந்து மணிக்கே தொடங்கினோம். எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லும்படி ஜிஷோ அம்மா என்னிடம்தான் சொல்லியிருந்தார். ஐந்து பேருக்குப் பண்ணினேன். ஆறாவது எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பண்ணவில்லை.

அவள் இல்லாததால் மணியை நான் அடித்தேன். அமர்வு தொடங்கிவிட்டால் கதவைத் திறப்பதில்லை. ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே சரளைக்கல்லில் காலடிச் சத்தம். வந்து, நின்றது. பிறகு இருமல். கதவுக்குப் பக்கத்தில் இருந்தது நான். ஏழு மணிவரை அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முட்டி வலி தெரியவில்லை.

கதவைத் திறந்தால் படியில் உறைபனி. அவள் உதடெல்லாம் நீலம். "நான்தான் நேரத்தைத் தப்பா கேட்டுட்டேன் போலிருக்கு, மன்னிச்சிருங்க" என்று எல்லாருக்கும் குனிந்து வணங்கினாள்.

அதிலும் அவள்தான் நல்லவள்!

நவம்பர் 25

மினெகோவுக்குக் காய்ச்சல். மணியை என்னை அடிக்கச் சொல்லிவிட்டார் ஜிஷோ அம்மா. கேட்டது கிடைத்துவிட்டது.

நவம்பர் 27

சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்து, பாத்திரத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹீட்டர் முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

எப்படி அசையாமல் உட்காருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, நான் எங்க உக்காந்தேன்? தூங்குறேன்! இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. முதுகு வளையாம தூங்கப் பழகிட்டேன். ஜிஷோ அம்மா மொத நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. முழிச்சிருக்கட்டும்னுதான் மணியை என் தலையில கட்டினாங்க." சிரித்துச் சிரித்து இருமினாள். "உங்களைப் பாத்தாதான் எனக்குப் பொறாமை. வலிக்க வலிக்க உக்காந்திருப்பீங்க. வாசல்ல கார் வச்சுக்கிட்டு ஒருத்தர் காத்திருப்பார்."

அதற்குமேல் தாங்கவில்லை. போன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கு நான் இருமினது உள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். "பாத்திரத்தை எடுத்துட்டுப் போங்க, ரிட்சுகோ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 30

ஜிஷோ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணி அடிக்க மாட்டேன் என்றேன்.

"அடிக்காம விட்டா சரியாப் போயிடுமா? அவங்க வர்ற வரைக்கும் அடிங்க. வரலைன்னா எட்டு நாளும் அடிங்க." அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 1

அடித்தேன். ஒலி சரியாக வரவில்லை.

டிசம்பர் 5

மினெகோ வந்துவிட்டாள்! எழுந்து போய் மணி அடிக்கும் கட்டையை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். தூங்கிப்போய், அமர்வை முடிக்கும் மணியை ஏழு நிமிடம் தாமதமாக அடித்தாள். எல்லாருக்கும் கால் மரத்துப்போயிற்று. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சீ. நான் மாறவே மாட்டேனா?

டிசம்பர் 8

கடைசி அமர்வு. வெளியே முதல் பனி. எல்லாரும் கஞ்சி குடித்தோம். கெய்ஜி வண்டியோடு வாசலில் நின்றார். பனியில் மினெகோ எப்படி நடந்து போவாள் என்று அவரிடம் கேட்டேன். "நான் ஏறச் சொன்னா ஏறுவாங்களா? நீ கேளு" என்றார். கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

செருப்பு மாட்டும்போது, குனிந்தபடியே, "அடுத்த அமர்வு என்னிக்கு?" என்றாள். பதினொரு நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை. ஆறு மணி."

"ஆறுதானே?"

"ஆறுதான்."

தலையசைத்தாள். படி இறங்கினாள். நாலடி போனவள் திரும்பி வந்து, என்னைத் தாண்டி உள்ளே போய், ஜிஷோ அம்மாவிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டு போனாள்.