தட்டின் இரண்டாம் பாதி

மார்ச் 2, திங்கள்

வாய்க்கு,

காது எழுதுகிறேன். நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய். அதில் சந்தேகம் இல்லாததால் கேட்கவில்லை.

ஃபோன் செய்திருக்கலாம். ஃபோனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். பகல் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரார் காதைச் சோதிக்கிறேன். மாலையில் என் காதுக்கு விடுமுறை. அதனால் கடிதம்.

போன வாரம் ஒன்று நடந்தது. கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டர் எங்கள் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். எனக்கு எதிரே அவர். அவருக்குக் கோழி, எனக்கு நூடுல்ஸ். பாதி சாப்பிட்டிருப்பேன். என் வலது கை தட்டை அவர் பக்கம் தள்ளியது. இடது கை அவர் தட்டை என் பக்கம் இழுத்தது. பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

"ஏம்மா, கோழி வேணும்னா கேட்டிருக்கலாமே!"

வரவேற்பு மேசைப் பெண் இருமத் தொடங்கினாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் இருமுகிறாள்.

அப்போது நானும் சிரித்தேன். பிறகு சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளிச்சத்தம் நுழையாத அறை. சொந்த மூச்சு மட்டும் கேட்கும்.

நீ வேலை மாறிப் போய் எட்டு மாதமாகிறது. எந்தத் தட்டிலும் பாதிக்கு மேல் எனக்கு இறங்குவதில்லை. கை நின்றுவிடுகிறது. எதிரே இருப்பவர் மாற்றிக்கொள்வார் என்று காத்திருக்கிறது.

இதை ஏக்கம் என்று படித்துவிடாதே. அந்தப் பழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. முதல்முறை வெளியே சாப்பிடப் போனபோதே "பாதி பாதி" என்று சொல்லித் தட்டை மாற்றினாய். அழகாக இருந்தது. அடுத்த முறையும் அழகாக இருந்தது. அப்புறம் ஆறு வருடம். நான் ஆசைப்பட்டு வாங்கிய எதையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. நல்லதை முதல் பாதியிலேயே முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக விழுங்கியிருக்கிறேன். நான் ரசித்துச் சாப்பிடுகிறேன் என்று நீ நினைத்தாய்.

சாப்பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகள், என் மேஜை இருந்த இடம், நான் போக நினைத்த ஊர்கள். எல்லாவற்றையும் நான் ஆரம்பிப்பேன், பாதியில் நீ மாற்றுவாய். அன்போடுதான். அதுதான் சிக்கல். வேலை மாறியபோது "நீயும் வா" என்றாய். வரவில்லை என்றேன். ஏன் என்று அன்று சொல்ல வரவில்லை. தட்டுக்காகப் பிரிந்தோம் என்று யாரிடம் சொல்வது?

இந்த மாத முடிவில் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்:

"கண்ணு, பேப்பர்ல ஒரு பேரா, ரெண்டு பேரா? வாசல்ல ஒரு ஜோடி செருப்புதான் கிடக்கு. நான் ஒண்ணும் துருவல. எழுதணும்ல, அதுக்காகக் கேட்டேன்."

மாத முடிவுக்குள் சொல்கிறேன் என்றேன். உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் போலிருக்கிறது. அடுத்த வார இறுதியில் வருகிறேன். சனிக்கிழமை வெளியே. ஞாயிறு உன் அறையில் சமையல். இடத்தை நீயே தேர்ந்தெடு. அதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

காது

---

மார்ச் 6, வெள்ளி

அன்புக் காதுக்கு,

உன் கடிதத்தை நான்காவது மாடியில், பழுதுபார்க்க ஏறிய லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் கீழே இருந்து மேஸ்திரி கத்தினார்: "என்னப்பா, மேலயே குடியிருக்கப் போறியா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஆறு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ சொல்ல வாயெடுத்த இடங்களில் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பெரும்பாலும் குழம்பைப் பற்றி.

வா. கட்டாயம் வா.

சனிக்கிழமைக்கு இடம் பார்த்துவிட்டேன். மூன்று மாடி உணவகம். சமையலறை அடித்தளத்தில். சாப்பாடு மேலே போவது ஒரு சின்ன லிஃப்டில், ஆள் ஏற முடியாத பெட்டி. போன மாதம் நடுவழியில் நின்றுபோய், பதினோரு மேசைக்கான சூப் சுவருக்குள் மாட்டிக்கொண்டது. நான்தான் மீட்டேன். அன்றிலிருந்து அங்கே எனக்கு ஏக மரியாதை. மீன் அருமை. காளான் இன்னும் அருமை. நீ எது வேண்டுமோ சொல். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். (காளான்.)

உன் தட்டைத் தொட மாட்டேன். இது சத்தியம். கை துறுதுறுத்தால் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. என் அறையில் ஒரு அடுப்பு, ஒரு வாணலி, ஒரு தட்டு. தனியாள் சம்சாரம். முகம் சுளிக்காதே.

வாய்

---

மார்ச் 16, திங்கள்

அன்புள்ள வாய்க்கு,

வந்து சேர்ந்தேன். பேருந்தில் தூங்கிவிட்டேன். நீ கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பக்கத்து சீட்டுக் குழந்தையும் நானும் தின்றோம். அது தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கேட்பது எவ்வளவு சுலபம்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்குமுன் சனிக்கிழமை.

இவ்வளவு மோசமாக நாம் சேர்ந்து சாப்பிட்டதே இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை. சுவருக்குள் உன் பெட்டி ஏறி இறங்கும் சத்தம். ஒவ்வொரு முறையும் நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய், நான் நோயாளிகளின் காதைச் சோதிப்பதுபோல். உனக்கு மீன், எனக்குக் காளான். பாதியில் என் கை நின்றது. நீ அதைப் பார்த்தாய். உடனே ஜன்னலைப் பார்த்தாய். உன் காது இரண்டும் சிவந்துபோய், மீனை முள்ளோடு விழுங்கிவிடுவாயோ என்று பயந்தேன். நிஜமாகவே இடது கைமேல் உட்கார்ந்திருந்தாய்.

பரிமாறுபவர் வந்தார். "என்னம்மா, பிடிக்கலையா? சார் உங்களுக்காகச் சொல்லிச் சொல்லிச் செய்யச் சொன்னாரே. வேற கொண்டாரட்டுமா?"

"பிடிச்சிருக்கு. மெதுவா சாப்பிடறேன்."

அது பொய்யாகத்தான் தொடங்கியது. ஆனால் வேறு வழியில்லை, சாப்பிட்டேன். இரண்டாம் பாதி. ஆறிப்போயிருந்தது. அடியில் வெண்ணெய் தங்கி, பூண்டெல்லாம் அங்கே ஊறிக் கிடந்தது. முதல் பாதியில் இல்லாத ஒரு ருசி. என் தட்டுகளின் அடியில் என்ன இருக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அழுகை வந்தது, மிளகு என்றேன். நீ தண்ணீரை நகர்த்தி வைத்தாய். தட்டைத் தொடாமல், வெகு ஜாக்கிரதையாக, தட்டைச் சுற்றி.

அந்த நேரத்தில் உன் மீனையும் நினைத்தேன். அதையும் சொல்ல வேண்டும், இல்லையா?

பிறகு ஞாயிறு.

சந்தையில் நீ ஒவ்வொரு உருளைக்கிழங்கையும் எடுத்துப் பார்த்தாய். கடைக்காரம்மா, "தம்பி, பொண்ணா பாக்கறீங்க? கிழங்குதான்!" என்றார். "பொண்ணு பார்த்தாச்சு, இதோ நிக்குது" என்றாய். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தாய். நான் தக்காளியைப் பார்த்தேன்.

உன் அறை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர், கைக்கெட்டும் தூரம். நகக்கண்ணில் கிரீஸ் போக எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிட்டுச் சமைக்க நின்றாய். நான் கட்டிலில். வாணலியில் வெங்காயம், பிறகு கிழங்கு, மேலே முட்டை. நீ வழக்கமாகச் சமைக்கும்போது போடும் சொற்பொழிவு இல்லை. ஒரு கட்டத்தில் கரண்டியை நீட்டினாய்.

"உப்பு பாரேன்."

நீ என்னிடம் உப்பு பார்க்கச் சொன்னதே இல்லை. நீயே பார்ப்பாய், நீயே தீர்ப்புச் சொல்வாய். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டாயே, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

போட்டாய். மறுபேச்சில்லாமல்.

கரிப்பு. நாக்கை வைக்க முடியாத கரிப்பு. முதல் வாயிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். ருசியில் குறை சொல்லியே ஊரில் உள்ள அத்தனை சமையல்காரர்களையும் கண்ணீர் விட வைத்தவன் நீ. "சூப்பரா இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டாய். நான் தண்ணீர்க் குடத்தைக் கிட்டத்தில் இழுத்தேன். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஒரே தட்டு. அதில் நடுக்கோடு இல்லை. நீ உன் பக்கத்திலிருந்து, நான் என் பக்கத்திலிருந்து. கடைசியில் முறுகலாக ஒரு துண்டு மிஞ்சியது. நீ அதைப் பார்க்காததுபோல் இருந்தாய். நான் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. பகிரவில்லை. மென்று முடிக்கும்வரை நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், நீயே தின்பதுபோல.

அந்த உப்புக்கு நன்றி. அந்தத் துண்டுக்கும்.

வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் காது

---

மார்ச் 20, வெள்ளி

அன்புள்ள காதுக்கு,

உப்பு விஷயம் வெளியே தெரிய வேண்டாம். என் நாக்கின் பேர் கெட்டுவிடும்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் கடிதத்துக்குப் பதிலாக இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. தெரிந்துகொள், அவ்வளவுதான்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான் கடைசி. பள்ளிக்கூடம் விட்டு மூன்று பஸ் மாறி வருவதால் சாப்பாட்டுக்கும் கடைசி. அண்ணன்மார் தட்டைச் சுற்றி முழங்கையை வேலிபோல் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சட்டியைத் திறந்தால் அடி தெரியும். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, பசி. "வெச்சிருந்தேன்டா, எவன் தின்னான்னு தெரியல" என்பாள் பெரியக்கா. ஒவ்வொரு நாளும் அதே வாக்கியம்.

நீ முதல்முறை பாதித் தட்டை என் பக்கம் தள்ளியபோது, நான் கேட்டுத்தான் தள்ளினாய், ஆனாலும், எனக்கென்று ஒருத்தி பாதி வைக்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அது நடக்கிறதா என்று பார்த்தேன். நடந்தது. அந்த நிம்மதியில், நீ வைத்தாயா நான் எடுத்தேனா என்று பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை நீ முழுத் தட்டையும் சாப்பிட்டாய். மிளகு என்றாய். அந்தக் காளானில் மிளகே கிடையாது. எனக்குத் தெரியும், நான் செய்முறை கேட்டு வைத்திருக்கிறேன். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. நல்ல மீனைவிட அது நன்றாக இருந்தது.

ஆகவே: ஒரு பேர் போடு. உன் பேர். நீ ஆரம்பித்ததை நீயே முடிக்கிற ஒரு வீடு உனக்கு இருக்கட்டும். நான் வருத்தத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதைவிட நன்றி அதிகம். பேருந்து ஏறி வந்து, கரிக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒருவன் முகத்துக்கு நேரே கடைசித் துண்டை எடுத்துத் தின்ன உனக்குத் தோன்றியதே, அதற்கு.

இங்கே இன்னொரு தட்டு வாங்கவில்லை. வாங்கலாமா என்று கடைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

உன் வாய்

---

மார்ச் 25, புதன்

என் அன்புள்ள வாய்க்கு,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நீ சொன்னபடி ஒரு பேர். நீ சொன்னதற்காக இல்லை, நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஒன்றை நான் நினைத்து, நீயும் நினைத்து, பாதியில் யாரும் மாற்றாமல் இருப்பது இதுதான் முதல்முறை.

வீட்டுக்காரம்மா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டாவது பேருக்கு விட்ட இடத்தை அடிச்சிடட்டுமா, கண்ணு?"

"இருக்கட்டும் ஆன்ட்டி. காலியாவே இருக்கட்டும்."

"அப்போ தம்பி வர மாட்டாரா?"

"வருவார். சாப்பிட வருவார்."

"அதான பார்த்தேன்" என்றார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை.

நேற்று எனக்கு நானே சமைத்தேன். கத்தரிக்காய் வறுவல், சோறு. பாதியில் கை நின்றது. காத்திருந்தேன். பிறகு அதுவாகவே மறுபடி தொடங்கியது. தட்டின் அடிவரை போனேன். சமையலறை விளக்கு, தெருவில் யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம், நான், காலித் தட்டு. சந்தோஷமாக இருந்தது.

உன் பெரியக்காவின் வாக்கியத்தைப் பற்றி நிறைய நினைத்தேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை வா. மீனும் உண்டு, காளானும் உண்டு. உப்பு நீ பார். நான் சாப்பிட உட்காருவதற்கு முன்பே உன் பங்கைத் தனித் தட்டில் எடுத்து மூடி வைத்துவிடுவேன். பாதி இல்லை. முழுத் தட்டு. எத்தனை பஸ் மாறி, எவ்வளவு தாமதமாக நீ வந்தாலும் அது அங்கே இருக்கும்.

காது