எல்லா வரியும் ஒரே நேரத்தில்

ஜூன் 12
துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். இந்த ஆண்டு முதல் வருட டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் கம்பி செருகிச் சர்க்யூட் கட்டிப் பார்ப்பது பாதிதானாம். மீதி, சர்க்யூட்டை எழுத்திலேயே விவரிக்கும் மொழி, வெரிலாக். "ஈஸிதான் மேடம், நீங்களே எடுத்துருங்க. சரியா வரலன்னா அடுத்த தடவை கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுத்துடறேன்." பதினோரு வருடமாக என் பாடம்! "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெரிலாகில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. இந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

ஜூன் 19
ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு நாற்பத்தேழு பிழைச்செய்தி. கல்யாணமான புதிதில் மாமியாரிடம்கூட இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

ஜூலை 3
முதல் வகுப்பு. முன்வரிசையில் ஒரு பெண். பள்ளியிலேயே புரோகிராம் எழுதிப் பழகியவள். தோழிகள் 'கோடிங் புலி' என்கிறார்கள். "மேம், முதல் வரி முடிஞ்சப்புறம்தானே ரெண்டாவது வரி?"

இல்லை, இது சர்க்யூட், எல்லா வரியும் ஒரே நேரத்தில் நடக்கும் என்றேன்.

"அப்ப எதுக்கு மேம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதறோம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "நாளைக்குச் சொல்றேன்." நாளைக்கு என்னத்தைச் சொல்ல?

ஜூலை 4
காலையில் பால் பொங்குகிறது, மகள் கையெழுத்துக் கேட்கிறாள், கணவர் "என் சாவி எங்க?" என்கிறார். யாரும் யாருக்காகவும் வரிசையில் நிற்கவில்லை. அட, இதுதானே அது!

வகுப்பில் பிள்ளைகளையே சர்க்யூட் ஆக்கினேன். ஆளுக்கொரு வரி: பக்கத்து இருவரும் கை தூக்கினால் நீயும் தூக்கு. பலகையில் யார் வரி மேலே, யார் வரி கீழே என்பதெல்லாம் கணக்கில்லை. புலிக்கு மட்டும் தனி வரி: "உன் கை கீழ இருந்தா தூக்கு, மேல இருந்தா இறக்கு." அவ்வளவுதான், கோழி மாதிரிச் சிறகடிக்க ஆரம்பித்துவிட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது. வாசலில் முதல்வர்! "இது உடற்பயிற்சி வகுப்பா?"

ஆகஸ்ட் 21
வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தார், கூடவே துறைத்தலைவர். நான் வெரிலாகில் எழுதிய போக்குவரத்து விளக்கைத் திரையில் ஓடவிட்டேன். சந்திப்பின் இரண்டு சாலைக்கும் ஒரே நேரத்தில் பச்சை. "இந்த ரோட்டுப் பக்கமே நான் வரமாட்டேம்மா" என்றார் பேராசிரியர்.

ஐயோ — எங்கே தப்பு? திரையில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. போச்சு, பாடம் போச்சு.

புலி எழுந்தாள். "மேம், பச்சைய எப்பப் போடணும்னு எழுதியிருக்கீங்க. எப்ப அணைக்கணும்னு எழுதவே இல்ல. சொல்லலன்னா அது பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்ல?"

தப்பு என்னுடையதுதான் என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டு ஒரு வரி சேர்த்தேன். ஒரு சாலை சிவப்பானது. அதற்குப் பிறகு பேராசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை, கேள்வியெல்லாம் அவளிடம்தான். அவளும் விடவில்லை. மானம் போனதா, வந்ததா? இன்னும் தெரியவில்லை. ஆனால் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 2
புதிய கால அட்டவணை வந்தது. பாடம் என்னிடமே, ஒரு பிரிவு இரண்டாகியிருக்கிறது. துறைத்தலைவர் வராந்தாவில் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்க வகுப்புல கடைசி பெஞ்ச் காலியா இருக்குமா?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

தாமதமாக வந்தால் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.