விசிட்டராக வரச் சொன்னது நான்தான்

மாண்ட்ரியல்,
4-9-1978

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

அனுசூயா வணக்கத்துடன் எழுதுவது. பாஸ்கரன் நேற்று மாலை விமானம் ஏறினான். இந்தக் கடிதம் திருச்சிக்கு வந்து சேர்வதற்குள் அவன் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்கும். இங்கே விமான நிலையத்தில் கேட்ட கேள்விக்குத் தானே ஏதோ உளறிவிட்டதாகவும், அதனால்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் உங்களிடம் சொல்லியிருப்பான். நம்பாதீர்கள். உங்கள் பிள்ளை பொய் சொல்கிறான், அதுவும் எனக்காக.

மாணவர் விசா வாங்கிக்கொண்டே வரட்டும், ஒரு வருஷம் போனால் போகிறது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். அவனுக்கு இடம் கொடுத்த இங்குள்ள கல்லூரியிலிருந்து வந்த கடிதத்திலேயே அப்படித்தானே போட்டிருக்கிறது என்றும் கேட்டீர்கள். அதெல்லாம் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புவது, இங்கே ஒன்பது வருஷமாக இருப்பவள் நானா நீங்களா என்று பதில் எழுதினேன். பெரிய மேதாவி நான். அறுபத்தொன்பதில் நான் விசிட்டராக வந்து இறங்கித்தானே, இங்கேயே மாணவியாக மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் நம்மவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஏப்ரலில் சட்டம் மாறிவிட்டது அண்ணி. படிக்க வருகிறவர்கள் ஊரிலேயே விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டுமாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தேன். விமான நிலையத்தில் படிப்பு என்ற பேச்சையே எடுக்காதே, அத்தை வீட்டுக்கு இரண்டு வாரம் விருந்தாளியாக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல் என்று எழுதினேன்.

அப்படியேதான் சொல்லியிருக்கிறான் பாவம். பெட்டியைத் திறந்தார்கள். பள்ளி இறுதி வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும், டிராயிங் கருவிப் பெட்டியும், நீங்கள் பின்னிய இரண்டு ஸ்வெட்டரும் இருந்தன. வெயில் காலத்தில் விருந்துக்கு வருகிறவன் இதையெல்லாமா தூக்கிக்கொண்டு வருவான்? வெளியே காத்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். இப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று பாஸ்கரனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைக் கேட்டார். என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. ஆஸ்பத்திரி வேலையும் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, விருந்தாளியாக வருவதாகத்தான் எனக்கும் எழுதியிருந்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான் அண்ணி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

திருப்பி அனுப்ப விமானம் கிடைக்கும்வரை நான்கு நாள் என்னுடன் இருக்க விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், பசிக்குது அத்தை, ரசம் இருக்கா என்றுதான் முதலில் கேட்டான். அவன் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை, அடுப்படியில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டேன். மறுநாள் அவனாகவே, நீங்க அம்மாவுக்கு ஒண்ணும் எழுத வேணாம் அத்தை, நானே உளறிட்டேன்னு சொல்லிக்கிறேன் என்றான். சரி என்று தலையாட்டினேன். அதற்கும் தலையாட்டினேன்.

அவன் போன பிறகுதான் இதை யோசித்தேன். இனி முறைப்படி விசாவுக்கு விண்ணப்பித்தாலும், இவன் பொய் சொன்னவன் என்று இங்கே எழுதி வைத்திருப்பது அவன் கூடவே வரும். அதனால் இத்துடன் ஆங்கிலத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். விசிட்டராக வரச் சொன்னதும், பொய் சொல்லச் சொன்னதும், கேட்டபோது மறுத்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விண்ணப்பத்தோடு அதையும் டெல்லியில் இருக்கும் தூதரகத்துக்கு அனுப்புங்கள். அவன் கண்ணில் காட்டாதீர்கள், கிழித்துப் போட்டுவிடுவான். அனுசூயாவுக்கு என்ன ஆகுமோ என்று நீங்களும் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தான். நானே கொடுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இங்கேயே அந்த அதிகாரியிடம் நேரில் போய்க் கொடுக்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடம் அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது.

நேற்றுக் கிளம்பும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டான். நன்றாக இரு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தையின் ஆசியும் வாங்காமல் பிள்ளை வந்திருக்கிறான். நீங்கள் அவனுக்கு ஆசி சொல்லும்போது எனக்காகவும் ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணி.

இப்படிக்கு,
உங்களிடம் முகம் காட்டத் தகுதியில்லாத
அனுசூயா