மாப்பிள்ளை சஷ்டிக்கு ஓர் இலிஷ்

என் மகளுக்கு,

மழை இன்னும் வரவில்லை, ஆற்றில் இலிஷ் மீன் ஏறவில்லை, அதனால் கிலோ இரண்டாயிரம். மருமகனை அழைத்து விருந்து வைக்கிற மாப்பிள்ளை சஷ்டி நெருங்கினால் விலை இன்னும் கூடும். உன் அம்மா கீரை வாங்கத்தான் அனுப்பினாள், அதை மறந்தே போனேன். கால் மீன் கடையில் போய் நின்றது.

மீன்காரன் ஹரிபதா கேலி செய்தான். "என்ன அண்ணே, வருஷம் பூரா கெண்டை வாங்குற ஆளு, இலிஷைத் தூக்கிப் பாக்குறீங்க! யாருக்கு?"

"என் மாப்பிள்ளைக்குடா. பெருசாப் பாத்துக் குடு."

உன் கல்யாணத்துக்கே வராதவன் நான். 'என் மாப்பிள்ளை' என்ற வார்த்தை என் வாயில் இன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது. வழியில் மீன் என்ன விலை என்று கேட்டவர்களிடமெல்லாம், விலையை விட்டுவிட்டு அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மீன் ஐஸ்பெட்டியில் இருக்கிறது. தலையும் வயிற்றுத் துண்டும் அவருக்கு. எனக்கு வால் போதும். சஷ்டியன்று இரண்டு பேரும் வாருங்கள்.

உன் அப்பா