தண்ணீரில்லாத நீச்சல் குளத்தருகே ஒரு நன்றியுரை

மாங்கரே, ஆக்லாந்து
ஞாயிறு மதியம்

அன்பு மகன் தொமாசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே ஆஸ்திரேலியச் செம்மண் சுரங்கத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பாய்ந்து "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்பாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து முழுவதையும் படி. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு என்று ஏப்ரலில் நீ பணம் கட்டி எங்களை ஃபிஜிக்கு அனுப்பினாயே, போய் வந்து "சொர்க்கம் மாதிரி இருந்துச்சுடா" என்று நானும் உன் அப்பாவும் மாறி மாறிச் சொன்னோமே, அது பொய். சர்ச்சுக்குத் தவறாமல் போகிற இரண்டு பேர் சேர்ந்து சொன்ன பொய். இப்போது அந்தப் பொய் தீர்ப்பாயம் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டது, இனியும் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

சொர்க்கத்தின் லட்சணத்தைக் கேள். கோல்டன் லகூன் ஹாலிடேஸ் என்ற அந்தக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் கடலைப் பார்த்த இரண்டு அறை வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட ஆள் வைத்த தனி இடம் என்று போட்டிருந்தது. உன் அக்காள் மெலேயும் எங்களோடு வந்தாள், அவள் மூன்று பிள்ளைகளும் அந்தப் படத்தைக் கிழியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது. எங்களை ஏற்றிப்போக வேண்டிய படகு வரவேயில்லை, ஒரு மீன்பிடிப் படகில் மீனோடு மீனாகப் போனோம், மூன்று நாள் என் சர்ச் தொப்பியில் வாடை போகவில்லை. இரண்டு அறை என்றது ஓர் அறை, ஆறு பேருக்கு இரண்டு கட்டில், ஜெனரேட்டருக்கு ஒட்டிய சுவர். கடல் தெரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், கழிவறை ஜன்னலில் ஏறி நின்றால் ஒரு சாண் தெரிந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பதில் தச்சர்களின் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டு இடத்துக்குப் பூட்டு, பூட்டுக்குத் துரு. சாப்பாட்டறை எப்போது திறப்பார்கள் என்று கேட்டதற்கு அங்கே இருந்த மேனேஜர் பையன் பல்லெல்லாம் தெரிய "கூடிய சீக்கிரம் ஆன்ட்டி" என்றான். அவன் சொன்ன சீக்கிரம் எங்கள் ஒரு வாரத்துக்குள் வரவில்லை. சமையல்காரி மெரெசெய்னி என்று ஒரு புண்ணியவதி, அவள் தன் வீட்டு மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்காவிட்டால் நாங்கள் பிஸ்கட்டைத் தின்றுதான் கல்யாண நாளைக் கொண்டாடியிருப்போம்.

இனி உன் அப்பாவிடம் வருவோம். நம் தீவில் அவருக்கு, குடும்பத்தின் சார்பில் சபையில் பேசுகிற தலைவர் என்ற பட்டம் கட்டிய நாளிலிருந்து, எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் கையில் பரிசில்லாமல் மிதிக்கக் கூடாது, புறப்படும்போது எழுந்து நின்று நன்றி சொல்லாமல் புறப்படக் கூடாது. உனக்குத் தெரியாததா. ஆனால் காசு கொடுத்துத் தங்கப் போகிற ஹோட்டலுக்கும் அந்த முறை உண்டு என்று நினைத்த மனிதன் இந்தப் பூமியில் உன் அப்பா ஒருவர்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற மாதக்கணக்கில் கையால் பின்னிய மெல்லிய பாய் ஒன்றை எனக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். என் இரண்டு சட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறார். கிளம்புகிற காலையில் குளித்துச் சவரம் செய்து, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் காய்ந்த குளத்தருகே கூப்பிட்டு நிறுத்தினார். பேசும்போது கையில் கோல் வேண்டுமே, கோல் மாங்கரேயில் இருக்கிறது. சுற்றிப் பார்த்தார், குளத்தில் குப்பை அள்ளுகிற நீளக் கழி சுவரோரம் வேலையில்லாமல் கிடந்தது, அதை எடுத்து ஊன்றிக்கொண்டார். தண்ணீரில்லாத குளத்துக் கழியைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு போடாத இடத்துக்கு நன்றி சொல்ல, நம் மொழியில் இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்துப் பாயை மெரெசெய்னியின் கையில் கொடுத்தார். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் அழுதாள். நான் என்ன செய்தேன் என்கிறாயா, நாற்பது வருஷமாக உன் அப்பாவின் பேச்சில் முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் காது கொடுத்ததில்லை, அன்றும் பிள்ளைகளைப் பிடித்து வைப்பதில்தான் என் கவனமெல்லாம். அந்த மேனேஜர் பையன் மட்டும் முழுவதையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் புகார் எழுதலாம் என்றேன். உன் அப்பா ஒரேயடியாகத் தலையை ஆட்டிவிட்டார். "பையன் உடம்பை உருக்கிச் சம்பாதிச்சுக் குடுத்த பரிசு. அதை நாலு பேர் முன்னால மோசம்னு சொல்லச் சொல்றியா? நன்றி சொன்ன வாயாலயே குத்தம் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டார். உனக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று உனக்குத் தெரியும். இப்படியே போயிருக்கும், அந்த வீடியோ மட்டும் வராமல் இருந்திருந்தால். ஜூன் மாதம் கம்பெனி அதை ஃபேஸ்புக்கில் போட்டது. இருபது நிமிடத்தில் தொடக்கத்து அரை நிமிடம் மட்டும், கடலையும் வானத்தையும் கடவுளையும் புகழ்கிற இடம், பின்னால் ஒரு கிடார் இசை, கீழே "எங்கள் மகிழ்ச்சியான குடும்பம்" என்று எழுத்து. சர்ச்சில் எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற பிசிலா, கணவனை இழந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினாளே அவள்தான், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பேசினதைப் பார்த்துட்டுத்தான் அக்கா தைரியமா முன்பணம் கட்டினேன். டிசம்பர்ல நாங்க எட்டுப் பேர் போறோம். அண்ணன் வாயில பொய் வராதே" என்றாள். உன் அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றார். திரும்பிப் பார்த்தேன், முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. தட்டில் வைத்த டாரோக் கிழங்கு அப்படியே இருந்தது, பன்றிக்கறியைக்கூடத் தொடவில்லை, அப்போதே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் மெலேயைக் கூப்பிட்டு, "அந்தப் புகார் ஃபாரத்தை எடும்மா. என் பேச்சு அந்தப் பொம்பளையைப் பட்டினி போடப் போகுதுன்னா, அது பேச்சே இல்லை" என்றார். பெரிய பேச்சுக்காரர் அவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதில்லை. மெலே தீர்ப்பாயத்துக்கு எழுதினாள், பிசிலாவுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை மனுகாவில் விசாரணை. வக்கீல் கிடையாது, ஒரு மேசை, நடுவராக ஒரு அம்மாள், மொழிபெயர்க்க நம் இனத்துப் பெண் ஒருத்தி. உன் அப்பா பட்டம் பெற்றவராகப் பேசும் இடத்தில் ஆங்கிலத்தில் பேசமாட்டாரே. கம்பெனி முதலாளி பிரென்ட் வந்திருந்தான், பளபளவென்று சட்டை, அதைவிடப் பளபளவென்று சிரிப்பு. கட்டட வேலை நடக்கிறது என்பது சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம், மீன் படகு ஒரு உள்ளூர் அனுபவமாம், கிழங்கு பாரம்பரிய உணவாம். பூசி மெழுகுவதில் அவனிடம் நம் ஊர்க் கொத்தனார்கள் பாடம் படிக்க வேண்டும். கடைசியில் போனை எடுத்து, மேனேஜர் பையன் பிடித்த முழு வீடியோவையும் மேசையில் ஓடவிட்டு, "இவர் சந்தோஷமா இல்லைன்னு சொல்றார். இருபது நிமிஷம் நன்றி சொல்லியிருக்கார், மேடம். பரிசு வேற குடுத்திருக்கார். அதிருப்தியில இருக்கிறவர் பரிசு குடுப்பாரா?" என்றான். நடுவர் அம்மாள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள். பிரென்ட் தோளைக் குலுக்கி, "நன்றிதான், வேற என்ன" என்றான். "முழுசா மொழிபெயர்த்துச் சொல்லுங்க" என்றாள் அவள்.

தொமாசி, அந்தப் பெண் மொழிபெயர்த்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நம் முறையில் ஒருவருக்கு நன்றி சொன்னால் அவர் பெயரையும் அவர் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் அல்லவா, உன் அப்பா ஒன்றுவிடவில்லை. "மெரெசெய்னி அம்மா, ஏழு நாளும் சாப்பாட்டறை பூட்டிக் கிடந்தப்ப உங்க பிள்ளைங்க வாய்க்குப் போக வேண்டிய கிழங்கை எங்க பிள்ளைங்களுக்குக் குடுத்தீங்க, உங்களுக்கு நன்றி. படகுக்காரத் தம்பி, எங்களுக்குன்னு சொன்ன படகு வராம நாங்க வெயில்ல மூணு மணி நேரம் நின்னப்ப உங்க மீனை ஒதுக்கி இடம் குடுத்தீங்க, உங்களுக்கு நன்றி. தச்சர்களே, குளத்துல தண்ணி இல்லேன்னு பேரப்பிள்ளைங்க அழுதப்ப உங்க பலகையில ஊஞ்சல் கட்டிக் குடுத்தீங்க, உங்களுக்கு நன்றி." இப்படியே போகிறது, போகிறது, ஜெனரேட்டரை ராத்திரியில் ஒரு மணி நேரம் அணைத்துவைத்த காவல்காரர் வரைக்கும். மெலே எழுதிக் கொடுத்த புகாரில்கூட அவ்வளவு இல்லை. நாளும் நேரமும் சாட்சியும் பெயரோடு வந்து விழுந்துகொண்டே இருந்தன, நடுவர் அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தாள். பிரென்டின் சிரிப்பு முதலில் ஒரு பக்கம் இறங்கியது, பிறகு மறுபக்கம். "நிறுத்திக்கலாமா? அதான் புரிஞ்சிடுச்சே" என்றான். "நீங்க குடுத்த ஆதாரம், கடைசிவரைக்கும் கேப்போம்" என்றாள் அந்த அம்மாள், எனக்கு எழுந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. இருபது நிமிடத்தில் கம்பெனியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. நம் சபையில் ஒருவர் பெயரை விட்டால் அவர் நன்றிக்குரிய எதையும் செய்யவில்லை என்று அர்த்தம் என்பதை மொழிபெயர்த்த பெண்ணே தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னாள். இதையெல்லாம் முன்பே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று உன் அப்பாவை முழங்கையால் இடித்தேன். "நான் புகாரா சொல்லலையே, நன்றிதானே சொன்னேன்" என்று என்னையே முறைத்தார்.

நாங்கள் ஜெயித்தோம். முக்கால் பங்கைத் திருப்பித் தரவேண்டும், வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. பிசிலாவின் முன்பணத்தை மறுநாளே பிரென்ட் கேட்காமலே அனுப்பிவிட்டான், அவ்வளவு நல்லவன். அந்தப் பணம் உன் கணக்குக்கு வரும், எங்களுக்கே திருப்பி அனுப்பாதே, அனுப்பினால் அடிப்பேன்.

ஆனால் இதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாள் உன் அப்பாவிடம் ஒன்று கேட்டாள். "அந்த ஒரு வாரத்துல, பணம் கட்டின மகன்கிட்டயாவது குறை சொன்னீங்களா?" உன் அப்பா தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "இல்லை. ஒவ்வொரு நாளும் போன் பண்ணினான். எல்லாம் நல்லா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு, ரூம் நல்லா இருக்குன்னு சொன்னேன். வருத்தப்படுவானே." வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் அவர் சொன்ன அந்த வார்த்தைகளே என் காதில் ஓடிக்கொண்டிருந்தன. மாங்கரே பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது, இதே வார்த்தைகளை இதே வரிசையில் ஞாயிறுதோறும் நான் கேட்கிறேன், ஆனால் உன் அப்பாவிடமிருந்து அல்ல. எல்லாம் நல்லா இருக்கும்மா, சாப்பாடு நல்லா இருக்கும்மா, ரூம் நல்லா இருக்கும்மா. மூன்று வருஷமாக. நீ அவர் பிள்ளை என்பதை நான் எப்படி மறந்தேன்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை மகனே. மெரெசெய்னி மாதிரி ஒருத்தியாவது அங்கே உனக்கு உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது.

கர்த்தர் உன் இறங்குதலையும் ஏறுதலையும் காக்கட்டும், பூமிக்குக் கீழே நீ தூக்குகிற பாரமெல்லாம் இலகுவாகட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. பதில் போனில் வேண்டாம், குரலை வைத்து ஏமாற்றிவிடுவாய், கையால் எழுது. நன்றியெல்லாம் வேண்டாம், எங்களைப் புகழவும் வேண்டாம். உன் அறையில் ஜன்னல் இருக்கிறதா, அதை முதல் வரியில் எழுது.

உன் அம்மா,
இயானெத்தா